கோர்ட்டு அனுப்பி வச்ச ஆம்பளைங்க குரூப்ல வாயத் திறக்குறது எப்படி?

டர்பன்ல நம்ம ஆளுங்க இருக்குற ஏரியாவுல, சாட்ஸ்வர்த் ஆகட்டும் ஃபீனிக்ஸ் ஆகட்டும், பொண்டாட்டிய அடிச்ச கேஸ்ல ஒருத்தர கோர்ட்டு "குரூப்புக்குப் போ"ன்னு அனுப்புச்சுன்னா வீட்ல எல்லாருக்கும் ஒரே குழப்பம். அது என்ன குரூப்பு, பஜனை மாதிரியா, குடிகாரங்க மீட்டிங் மாதிரியா, அங்க போனா புத்தி வந்துடுமா, கேஸ் போயிடுமா. அவங்க அம்மா ஒரு பக்கம் "எம் புள்ள என்ன பைத்தியமா"ன்னு அழும். அதனால முதல்ல இருந்து, ஒண்ணும் தெரியாதவங்களுக்கு சொல்ற மாதிரியே சொல்றேன்.

முதல்ல சட்டம், சுருக்கமா. சவுத் ஆஃப்ரிக்காவுல டொமெஸ்டிக் வயலன்ஸ் ஆக்ட்ங்குறது 1998ஆம் வருஷத்து 116ஆம் நம்பர் சட்டம், 1999 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுல அடி உதை மட்டும் இல்ல, காசு குடுக்காம இழுத்தடிக்கிறது, மிரட்டுறது, பின்னாடியே சுத்துறது, வாயால கொல்றது எல்லாமே வரும். அப்புறம் ஒரு திருத்தம் வந்து 2023 ஏப்ரல்ல அமலாச்சு, அதுல ஆள கட்டுப்படுத்தி வைக்கிறதும், பிள்ளைங்க கண்ணு முன்னாடி இதெல்லாம் நடக்க விடுறதும் சேந்துச்சு. இந்தச் சட்டத்துல பொம்பளைக்கு கெடைக்கிறது புரொடெக்‌ஷன் ஆர்டர். அதாவது அவள அடிக்காத, தொந்தரவு பண்ணாதன்னு கோர்ட்டு போடுற தடை. அது சிவில் ஆர்டர், அத வாங்குனதால புருஷன் குற்றவாளி ஆயிடல, ஆனா அத மீறுனா குற்றம், உள்ள தள்ளலாம். குரூப்புக்கு வர்ற வழி வேற வேற: கேஸ் நடத்துற பிராசிக்யூட்டர் விசாரணைக்கு கொண்டு போகாம புரோகிராமுக்கு அனுப்பலாம், தண்டனைய நிறுத்தி வச்சு "இதுக்குப் போகணும்"னு நிபந்தனை போடலாம், இல்ல ஆளே மனசு உறுத்தி ஃபாம்சா மாதிரி குடும்ப ஆலோசனை குடுக்குற இடத்துக்கு நடந்து வரலாம். நிக்ரோன்னு, குற்றம் பண்ணவங்கள திருத்துற வேலைய பாக்குற, 1910ல இருந்து இருக்குற அமைப்பும் இந்த மாதிரி புரோகிராம் நடத்துது. மூணாவது வகை, தானா வர்ற ஆள், ரொம்ப கம்மி. அப்படி வர்றவங்கள்லயும் பாதிப் பேர் பொண்டாட்டி பையத் தூக்கிட்டு தாய் வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம்தான் வர்றாங்க.

சரி, குரூப்னா என்ன. வாரத்துல ஒரு நாள், ஒரு ரெண்டு மணி நேரம், பத்துப் பன்னெண்டு ஆம்பளைங்க வட்டமா உக்காருவாங்க, நடத்துறவங்க ரெண்டு பேர், முடிஞ்சா ஒரு ஆண் ஒரு பெண். அமெரிக்காவுல பாஸ்டன்ல 1977ல எமர்ஜ்னு ஒரு அமைப்பு இத முதன்முதல்ல ஆரம்பிச்சது, அப்புறம் 1980கள் ஆரம்பத்துல மின்னசோட்டாவுல டுலூத்ங்குற ஊர்ல போலீஸ், கோர்ட்டு, பொம்பளைங்க காப்பகம் எல்லாத்தையும் ஒண்ணா கோத்து ஒரு முறை பண்ணாங்க, இன்னைக்கு உலகம் பூரா ஓடுற புரோகிராம் நெறயதுல அதோட சாயல் இருக்கும். அங்க ஒரு சக்கரப் படம் இருக்கு, நடுவுல அதிகாரம், ஆரங்கள்ல காசு, பிள்ளைங்க, மிரட்டல், தனிமைப்படுத்துறதுன்னு. அத செவுத்துல ஒட்டுன உடனே பாதி பேர் முகம் மாறும், ஏன்னா கை நீட்டுறது மட்டும்தான் தப்புன்னு நெனச்சுட்டு வந்திருப்பாங்க.

இது கோவத்த அடக்குற கிளாஸ் இல்ல. இத நல்லா மனசுல வச்சுக்கங்க, ஏன்னா சொந்தக்காரங்க எல்லாரும் சொல்ற முதல் வார்த்தை "அவனுக்கு கோவம் கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி தங்கம்". கோவம்தான் காரணம்னா வேலையில லானி, அதான் முதலாளி, எல்லார் முன்னாடியும் கேவலமா பேசும்போது அந்தக் கை ஏன் எழும்பல? அங்க "யெஸ் சார்"னு நின்னுட்டு வீட்டுக்கு வந்து கதவ சாத்துனதுக்கு அப்புறம் எழும்புதுன்னா கை எங்க எழும்பணும்னு அந்தக் கைக்கே தெரியுதுன்னுதான அர்த்தம். வெளியில எலி வீட்ல புலின்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க. அதே மாதிரி புருஷன் பொண்டாட்டிய ஒண்ணா உக்கார வச்சு பேசுற கவுன்சிலிங்கும் இது இல்ல, பயந்து போயிருக்குற பொம்பள அவன் பக்கத்துல உக்காந்துட்டு உண்மைய சொல்ல மாட்டா, சொன்னா வீட்டுக்குப் போனதும் வாங்குவா.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். குரூப்புக்கு ஆள் வர்றது வேற, குரூப்ல ஆள் இருக்குறது வேற. நாற்காலியில உக்காந்து கை கட்டி செவுத்துக் கடிகாரத்த பாத்துட்டு போறவன் வந்தவன்தான், ஆனா ஈடுபட்டவன் இல்ல. ஈடுபாடுன்னா நேரத்துக்கு வர்றான், தான் செஞ்சத தன் வாயால சொல்றான், அடுத்தவன் பேசுறப்ப கேக்குறான், வீட்டுக்குக் குடுத்த வேலைய செஞ்சு எடுத்துட்டு வர்றான், இத்தனையும் சேந்ததுதான். இது ஒரே நாள்ல வராது, முதல் நாள் யாருக்குமே வராது, அதுக்குக் காரணங்கள் இருக்கு.

வெக்கம் ஒண்ணு. சாட்ஸ்வர்த்ல எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில சொந்தம், குரூப் ரூமுக்குள்ள நுழைஞ்சா எதிர்த்தாப்ல உக்காந்திருக்குறது மச்சானோட கூட்டாளியா இருக்கும், கோயில் கமிட்டி ஆளா இருக்கும். கோவம் இன்னொண்ணு, "பொய் கேஸ் போட்டா, போலீஸ் அவ பேச்ச மட்டும் கேட்டுச்சு"ன்னு பொருமிட்டே வர்றவங்க நெறய. இதுக்கெல்லாம் அடியில பயமும் இருக்கும், வீடு போயிடுமா, பிள்ளைங்கள பாக்க விடுவாங்களா, வேலையில தெரிஞ்சா என்ன ஆகும். அதுக்கு மேல சாதாரண கஷ்டங்கள், ஷிஃப்ட் வேலை, டாக்ஸி காசு, சனிக்கிழமை ஓவர்டைம் போச்சுங்குற வயித்தெரிச்சல். வீட்ல பெரியவங்க வேற "கல்லானாலும் கணவன்"னு மருமகளுக்குச் சொல்லிட்டு, மகன்கிட்ட "வீட்டு விஷயத்த நாலு பேர் முன்னாடி பேசுவியாடா"ம்பாங்க. அடிக்கிற கைதான் அணைக்கும்னு ஒரு பழமொழி நம்மகிட்ட இருக்கே, அதச் சொல்லிச் சொல்லியே எத்தன பொம்பளைங்கள நாம ஒக்கார வச்சிருக்கோம்னு நெனச்சா எனக்கு வயிறு எரியும். அதுக்காக இத இங்க அதிகம் பேசல, பேசுனா நிறுத்த மாட்டேன்.

இப்படி வர்ற ஆள்கிட்ட நடத்துறவங்க எப்படிப் பேசுறாங்கங்குறதுல பாதி வேலை இருக்கு. குரூப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் தனியா ஒரு தடவ பாப்பாங்க. சும்மா ஒரு உதாரணம், நானா கட்டுனது, ஆனா இந்த மாதிரி பேச்சு எல்லா இடத்துலயும் நடக்கும். நாப்பத்தஞ்சு வயசு லாரி டிரைவர், எதிர்ல சோஷியல் வொர்க்கர் தம்பி.

"அண்ணே, இங்க வர்றதுக்கு உங்களுக்கு இஷ்டம் இல்லன்னு தெரியுது."

"என்ன இஷ்டம் தம்பி. மாஜிஸ்ட்ரேட் சொன்னாங்க, வந்தேன். ஒரே ஒரு தடவ தள்ளி விட்டேன், அவ விழுந்துட்டா, அதுக்குப் போயி கோர்ட்டு கேஸு."

இந்த இடத்துல புதுசா வேலைக்கு வந்தவங்க என்ன செய்வாங்கன்னா "தள்ளி விடுறதும் வன்முறைதான் அண்ணே, சட்டத்துல இருக்கு"ன்னு பாடம் எடுக்க ஆரம்பிப்பாங்க. அவரு உடனே வக்கீல் ஆயிடுவாரு, தான் ஏன் தள்ளுனேன்னு பத்து காரணம் வரும், அவ பேசுனது வரும், அவங்க அம்மா பேசுனது வரும். அனுபவம் உள்ள ஆள் அத செய்யாது.

"தள்ளி விட்டீங்க, அவங்க விழுந்தாங்க. அப்போ பிள்ளைங்க எங்க இருந்தாங்கண்ணே?"

"பெரியவ டியூஷன் போயிருந்தா. சின்னவன்... கதவுகிட்ட நின்னுட்டு இருந்தான்."

"அவன் என்ன பாத்திருப்பான்?"

"என்னத்த... நான் அவங்க அம்மாவ தள்ளுனத."

கவனிச்சீங்களா, முதல்ல அவரு சொன்னது "ஒரே ஒரு தடவ தள்ளி விட்டேன், அவ விழுந்துட்டா", என்னமோ சின்ன விஷயம், அவ தானா விழுந்த மாதிரி. மூணு வாக்கியத்துக்கு அப்புறம் "நான் அவங்க அம்மாவ தள்ளுனத". யாரும் அவரத் திட்டல, யாரும் அவருக்கு ஒத்து ஊதவும் இல்ல, "பாவம் உங்களுக்கும் கஷ்டம்தான்"னு தடவியும் குடுக்கல. அவரு வாய்ல வந்த வார்த்தையவே பிடிச்சு, அவருக்கு பெருசா இருக்குற ஒரு ஆளோட, அதாவது மகனோட கண்ணு வழியா பாக்க வச்சாச்சு. இந்த மாதிரி பேசுற முறைய வில்லியம் மில்லர்ங்குற அமெரிக்க உளவியலாளர் 1983ல குடிப்பழக்கம் உள்ளவங்களுக்காக எழுதி வச்சாரு, அப்புறம் இந்தத் துறையும் எடுத்துக்கிச்சு. ஆளோட வாதாடாத, மாறுறதுக்கான காரணம் அவன் வாய்ல இருந்து வரணும், உன் வாய்ல இருந்து இல்ல, அவ்வளவுதான் சாரம். எல்லா நேரமும் பதில் வராது, சில பேர் "பாத்தா பாத்துட்டு போறான்"னு சொல்லிட்டு போயிடுவாங்க, அதுவும் நடக்கும், அடுத்த வாரம் திரும்பக் கேக்கணும்.

அதே 1983ல புரோச்சாஸ்கா, டிக்ளிமென்ட்னு ரெண்டு பேர், சிகரெட் விடுறவங்கள வச்சு ஒரு விஷயம் சொன்னாங்க, பின்னாடி அத இன்னும் விரிச்சாங்க: மனுஷன் ஒரேயடியா மாற மாட்டான், "எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னு ஒரு கட்டம், "இருக்குமோ"ன்னு ஒரு கட்டம், தயாராகுறது, செய்யுறது, அத விடாம பிடிக்கிறது. கோர்ட்டு அனுப்புற ஆள் பெரும்பாலும் முதல் கட்டத்துல நிப்பாரு, நம்ம ஆளுங்க அவருகிட்ட நாலாவது கட்டத்து பேச்ச பேசுவாங்க. அப்போ எப்படி ஒட்டும்?

புரட்டாசி விஷயத்த கட்டாயம் சொல்லணும், ஏன்னா இது நம்ம ஊர் சரக்கு. டர்பன்ல தமிழ் வீடுகள்ல புரட்டாசி மாசம் பூரா கறி மீன் கெடையாது, நெறய ஆம்பளைங்க கேன் பாட்டில, அதான் கரும்புச் சாராயத்த, தொட மாட்டாங்க. காவடி எடுக்குறவங்க பத்து நாள் விரதம் இருந்து, பாய்ல படுத்து, அலகு குத்தி நடப்பாங்க. குரூப்ல ஒருத்தர் "குடிதான் எல்லாத்துக்கும் காரணம், குடிக்கலைன்னா நான் சாமி"ன்னு சொன்னா, நல்லா நடத்துற ஆள் கேக்குற கேள்வி: "புரட்டாசில வீடு எப்படி இருந்துச்சு?" சில பேர் நிம்மதியா இருந்துச்சும்பாங்க. சில பேர் யோசிச்சுப் பாத்துட்டு, அப்பவும் அவ ஃபோன நான் வாங்கிப் பாத்தேன், அப்பவும் வீட்டுச் செலவுக்கு எண்ணி எண்ணித்தான் குடுத்தேன், அப்பவும் அவ அக்கா வீட்டுக்குப் போக விடலன்னு சொல்லுவாங்க. குடி நெருப்புல எண்ணெய் ஊத்தும், அடி பலமா விழும், அதுக்குத் தனியா வைத்தியமும் வேணும், ஆனா அடுப்பப் பத்த வச்சது அது இல்லன்னு அந்த மனுஷனுக்கே அப்பத்தான் புரியும். இதே கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஒரு மாசம் நாக்கையும் தொண்டையையும் கட்ட முடிஞ்ச ஆளுக்கு, தன்னக் கட்டத் தெரியாதுன்னு யாரு சொன்னா? அத மட்டம் தட்டுறதுக்காகக் கேக்கக் கூடாது, "உங்ககிட்ட அந்தத் தெம்பு இருக்குண்ணே, அத வீட்டுக்குள்ள எடுத்துட்டு வரலாமா"ங்குற மாதிரி கேக்கணும். ஒரே கேள்விதான், கேக்குற தொனியில ஒருத்தன் மூடிக்குவான், இன்னொருத்தன் நிமிந்து உக்காருவான்.

ஏன் தனியா பேசாம குரூப்பு? ஏன்னா சோஷியல் வொர்க்கர ஏமாத்தலாம், தன்ன மாதிரியே அஞ்சு மாசமா பொய் சொல்லிப் பாத்துட்டு விட்ட இன்னொரு ஆம்பளைய ஏமாத்த முடியாது. "நானும் முதல் மாசம் இதையேதான் சொன்னேன் பிரதர்"னு ஒரு பழைய ஆள் சொல்ற ஒரு வரி, நடத்துறவங்க ஒரு மணி நேரம் பேசுறதுக்குச் சமம். அதனாலதான் பல இடத்துல புது ஆள தனியா ஒரு கூட்டமா வைக்காம, பாதி வழி வந்தவங்க நடுவுல சேக்குறாங்க. ஆபத்தும் இதே இடத்துலதான். பத்து ஆம்பளைங்க சேந்தா "இந்தக் காலத்துப் பொம்பளைங்க"ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான், மத்தவன் தலையாட்டுவான், ஜோக் வரும், சிரிப்பு வரும், அந்த நாள் வந்ததவிட மோசமா வீட்டுக்குப் போவாங்க. அப்ப நடத்துறவங்க சிரிச்சுட்டு விட்டா முடிஞ்சது கத, சீறுனாலும் முடிஞ்சது. "அவ"ன்னு பொதுவா பேசுனா பேர் சொல்லச் சொல்லுவாங்க, அவங்க இந்த நாற்காலியில உக்காந்திருந்தா இத எப்படி சொல்லுவாங்கன்னு கேப்பாங்க. ஆண் பெண் ரெண்டு பேர் சேந்து நடத்துறதும் இதுக்குத்தான், பெண் பேசும்போது ஆண் குறுக்க விழாம கேக்குறத அந்தப் பத்துப் பேரும் வாராவாரம் கண்ணால பாக்கணும்.

சின்னச் சின்ன வேலைங்கதான் ஆள நிக்க வைக்குது, இத நம்ப மாட்டாங்க. அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சியில, வராத ஆளுக்கு ஃபோன் பண்ணி, கையால ரெண்டு வரி எழுதி அனுப்புனதுக்கே பாதியில விடுறவங்க குறைஞ்சாங்க. பிட்ஸ்பர்க்ல 1990கள்ல கோர்ட்டு முப்பது நாள்ல கூப்ட்டு "போனியா"ன்னு கேக்க ஆரம்பிச்சதும், புரோகிராம் பக்கமே தலைகாட்டாதவங்க 36 சதவீதத்துல இருந்து 6 சதவீதத்துக்கு இறங்குனாங்க. ஒரு பக்கம் அன்பா ஒரு ஃபோன், இன்னொரு பக்கம் கோர்ட்டு விடாம கேக்குறது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. நம்ம ஊருக்கு இத எடுத்துட்டு வந்தா, சாயங்காலம் ஏழு மணிக்கு வைக்கிறது, டாக்ஸி ரேங்க்ல இருந்து நடக்குற தூரத்துல வைக்கிறது, இங்கிலீஷ் தடுமாறுற ஆளுக்கு அவரு மொழியில ரெண்டு வார்த்தை பேச ஒருத்தர் இருக்குறது.

குரூப்ல கத்துக்குடுக்குற ஒரு விஷயத்தப் பத்தி எச்சரிக்கையும் சொல்லிடுறேன், டைம் அவுட். சூடு ஏறுதுன்னா வீட்ட விட்டு வெளிய போயி ஒரு மணி நேரம் கழிச்சு வர்றது. கேக்க சுலபமா இருக்கும், ஆனா இதையே ஆயுதமா ஆக்கிடுவாங்க: பொண்டாட்டி ஸ்கூல் ஃபீஸ் பத்திப் பேச ஆரம்பிச்சா "டைம் அவுட்"னு சொல்லிட்டு ஷெபீனுக்கு, அதான் ஏரியா சாராயக் கடைக்கு, போயி நடுராத்திரி வர்றது. சரியான முறைன்னா அமைதியா இருக்கும்போதே அவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும், எப்ப திரும்பி வருவேன்னு சொல்லணும், குடிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, நடக்கணும், நடக்கும்போது "அவ என்ன சொன்னா"ன்னு திரும்பத் திரும்ப ஓட்டாம "நான் என்ன செய்யப் போனேன்"னு யோசிக்கணும், திரும்பி வந்து விட்ட பேச்ச பேசி முடிக்கணும். கடைசி பாகத்த எல்லாரும் மறந்துடுவாங்க.

இதெல்லாம் வேலை செய்யுதா? நேர்மையா சொல்லணும்னா, கொஞ்சம். 2004ல 22 ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாத்தப்போ, வெறும் கைது தண்டனையோட ஒப்பிட்டா குரூப்னால வந்த கூடுதல் பலன் ஒரு அஞ்சு சதவீதம் மாதிரிதான் தெரிஞ்சது. முடிச்சவங்க நடுவுல விட்டவங்கள விட நல்லா இருக்காங்க, ஆனா முடிக்கிற மாதிரி ஆளுங்களே முதல்ல இருந்து வேற மாதிரி ஆளுங்களா இருக்கலாம். நம்ம டர்பன்லயே, குடிசைப் பகுதிகள்ல 18ல இருந்து 30 வயசு இளைஞர்களுக்கு ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் அண்ட் கிரியேட்டிங் ஃபியூச்சர்ஸ்னு ஒரு புரோகிராம் நடத்திப் பாத்தாங்க. இது கோர்ட்டு அனுப்புற குரூப் இல்ல, கேஸ் வர்றதுக்கு முன்னாடியே தடுக்குற வகை, வேலைவாய்ப்பு பத்தியும் பேசுவாங்க. முடிவு 2020ல வந்துச்சு: அடிக்கிறது குறைஞ்சிருக்குன்னு ஆம்பளைங்க சொன்னாங்க, ஆனா அதே புரோகிராம்ல இருந்த பொம்பளைங்க தரப்புல, அவங்க வாங்குன அடியில வித்தியாசம் தெரியல. அந்தப் பொம்பளைங்க அந்த ஆம்பளைங்களோட ஜோடி இல்ல, அதனால ரெண்டையும் நேரடியா மோத விட முடியாதுதான். இருந்தாலும் ஆம்பள வாயால "நான் மாறிட்டேன்"ங்குறத மட்டும் வச்சு கணக்கு போடாதீங்கன்னு எனக்கு அது சொல்லுச்சு.

அதனால நல்ல புரோகிராம்னா பொண்டாட்டி பக்கம் பேசுறதுக்கு தனியா ஒரு ஆள் இருக்கணும், ஆணோட குரூப் ஆள் இல்லாம வேற ஒருத்தர். அவங்க சொன்னத எடுத்துட்டுப் போயி குரூப்ல போட்டு உடைக்கக் கூடாது, உடைச்சா ராத்திரி யாருக்கு விழும்னு தெரியும்ல. ஆணுக்கும் முதல் நாளே சொல்லிடணும்: இங்க பேசுறது இங்கயே இருக்கும், ஆனா யாரோட உசுருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா நாங்க வாய மூடிட்டு இருக்க மாட்டோம். இத மறைச்சு வச்சு நம்பிக்கை சம்பாதிக்கிறவங்க அப்புறம் ரெண்டையும் இழப்பாங்க. பொம்பளைங்களுக்கு ஒரு விஷயம்: அவரு குரூப்புக்குப் போறாருங்குறது, வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்னு யாரோ குடுத்த சான்று இல்ல. புரொடெக்‌ஷன் ஆர்டர வாபஸ் வாங்கச் சொல்லி "அதான் கிளாஸ் போறேன்ல"ன்னு பேரம் பேசுனா அதுவே ஒரு அறிகுறி.

குரூப்ல ரொம்ப அழகா பேசுறவனப் பாத்தும் கொஞ்சம் ஜாக்கிரதை. நாலாவது வாரமே சக்கரப் படத்த மனப்பாடமா ஒப்பிச்சு, மத்தவனுக்கு அட்வைஸ் பண்ணி, நடத்துறவங்களுக்கு டீ போட்டுக் குடுத்து, ஆனா தன்னப் பத்தி ஒரு சம்பவம்கூட தேதியோட சொல்லாத ஆள் இருப்பான். எரிச்சலா, மொரண்டு பிடிச்சுட்டு, ஆனா "அன்னைக்கு நான் சாவிய பிடுங்கிட்டு கதவுல நின்னேன், அவளால வெளிய போக முடியல"ன்னு ஒரு வரி சொல்றவன்தான் உண்மையில எங்கயோ நகந்துட்டு இருக்கான். எனக்கு ரெண்டாவது ஆள்மேலதான் நம்பிக்கை.

கடைசியா அந்த லெட்டர். முடிக்கிற நேரத்துல எல்லாரும் கேக்குறது அதத்தான், கோர்ட்டுக்கும், பிள்ளைங்கள பாக்குற கேஸுக்கும். ஒழுங்கான இடம் குடுக்குற லெட்டர்ல எத்தன வாரம் வந்தாரு, எத்தன வாரம் வரல, என்னென்ன பாடம் நடந்துச்சுன்னு இருக்கும், "திருந்திட்டாரு"ன்னு இருக்காது. அப்படி எழுதித் தர்றோம்னு சொல்ற இடம் கெடைச்சா வேற இடம் பாருங்க. ஆம்பள யாராவது கேஸ் வர்றதுக்கு முன்னாடியே தானா போகணும்னு நெனச்சா பக்கத்துல இருக்குற ஃபாம்சா ஆபீஸ், இல்ல மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல இருக்குற சோஷியல் வொர்க்கர கேக்கலாம். அடி வாங்குறவங்களுக்கு 24 மணி நேர இலவச லைன் 0800 428 428, உடனடி ஆபத்துன்னா 10111. புரொடெக்‌ஷன் ஆர்டருக்கு கோர்ட்டுல காசு கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம், கிளார்க்கே ஃபாரம் நிரப்ப உதவி பண்ணுவாங்க, 2023 திருத்தத்துக்கு அப்புறம் ஆன்லைன்லயும் போடலாம்.